பழைய ஆட்டமும் புதிய பொறியும்

மாணவர்களே! முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இலக்கணமும் உரையும் கற்ற எனக்குக் கணிப்பொறியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். வினவுவது முறையே. ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் என் வீட்டில் நிகழ்ந்ததை உங்களுக்குச் சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

நெய்வேலி நகரியத்திற்கு வெளியே, மந்தாரக்குப்பம் செல்லும் சாலையை ஒட்டியது என் சிறு வீடு. விடுமுறைக்கு என் பெயரன் வந்திருந்தான். எட்டாம் வகுப்பு முடித்தவன். ஒருநாள் பிற்பகல், தன் தந்தை பாதுகாத்து வைத்திருந்து கொடுத்த பழைய ஆட்டமொன்றை மடிக்கணினியில் இயக்க முயன்றான். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்பது அதன் பெயர். அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர் என்பவர் இளமையில் தனியொருவராக உழைத்து 1989-இல் வெளியிட்டது. பாரசீக இளவரசன் ஒருவன் சிறையினின்று தப்பி, 60 நிமிடங்களுக்குள் இளவரசியை மீட்க வேண்டும். மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அப்படங்களைப் பார்த்தே இளவரசனின் ஒவ்வோர் அசைவையும் வரைந்தாராம்.

ஆட்டம் இயங்கவில்லை. இக்கணிப்பொறியில் இது இயங்காது என்னும் அறிவிப்பே திரையில் தோன்றிற்று.

"ஏடு சிதைந்துவிட்டதோ?" என்றேன்.

"இல்லை தாத்தா, ஓர் எழுத்தும் சிதையவில்லை. அப்பா எடுத்து வைத்தபடியே இருக்கிறது. இந்தப் பொறிக்குத்தான் அது புரியவில்லை" என்றான்.

அவ்விடை என்னைச் சிந்திக்க வைத்தது. ஏட்டைச் செல் அரிக்குமுன் படியெடுத்துவிட்டால் நூல் பிழைத்தது என்றே நாங்கள் எண்ணுவோம். ஆனால் படியெடுத்தால் மட்டும் போதுமா? உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சிட்டபோது, மூலத்தோடு நச்சினார்க்கினியர் உரையையும் சேர்த்தே பதிப்பித்தார். எழுத்து அழியாதிருந்தும் பொருள் எட்டாமற் போவதுண்டு.

ஆட்டம் ஏன் இயங்கவில்லை என்பதைப் பெயரன் எனக்கு விளக்கினான். நான் அறிந்துகொண்ட அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். அக்காலக் கணிப்பொறி 16 பிட் அளவில் எண்களைக் கையாண்டது. இன்றையது 64 பிட் அளவில் கையாளுகிறது. 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் நிரலை இயக்கும் ஏற்பாடே இல்லை. அஃதன்றி, டாஸ் என்னும் பழைய இயக்கமுறையின்கீழ் ஆட்டங்கள் திரைக்கும் ஒலிப்பானுக்கும் நேரே கட்டளையிட்டன. யாரையும் கேளாமல் அடுக்களைக்குள் நுழைந்து தாமே தண்ணீர் மொண்டு குடிக்கும் நெருங்கிய உறவினரைப் போன்றவை அவை. இன்றைய இயக்கமுறையோ வாயிற்காவலன். எதையும் அவனைக் கேட்டே பெறவேண்டும். இன்னுமொரு வேடிக்கையும் உண்டு. பழைய ஆட்டங்கள் சில, சிறிது பொழுது காத்திருப்பதற்காக ஒன்று, இரண்டு என்று வீணே எண்ணிக்கொண்டிருக்கும். புதிய பொறி கண்ணிமைக்குமுன் எண்ணி முடித்துவிடும். ஆட்டம் தலைதெறிக்க ஓடும். அதனால் அந்நாளைய பொறிகள் பலவற்றில் 'டர்போ' என்று ஒரு விசை இருந்தது. விரைவைக் குறிக்கும் பெயருடைய அவ்விசை பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கவே பயன்பட்டது. மங்கல வழக்கு போலும்!

இவ்விடர்க்கெல்லாம் மாற்றாக 'டாஸ்பாக்ஸ்' என்னும் நிரல் 2002-இல் வெளிவந்தது, விலையின்றிக் கிடைப்பது. புதிய பொறியினுள்ளே பழைய பொறியொன்று இருப்பதாக அது பாவனை செய்கிறது. பழைய திரையும் பழைய ஒலியும் அதனுள்ளே அமைகின்றன. இன்ன உறையைப் பழைய பொறியின் 'சி' தட்டாகக் கொள்க என்று பெயரன் ஒரு வரி தட்டினான். அடுத்த வரியில் ஆட்டத்தின் பெயரைத் தட்டினான். கன்ட்ரோல் விசையோடு எஃப்-11 விசையை அழுத்தினால் வேகம் தணிகிறது. எஃப்-12 விசையை அழுத்தினால் மிகுகிறது. வெண்ணிற உடையணிந்த இளவரசன் திரையில் ஓடினான். மூலத்தில் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை! நல்ல உரையாசிரியரின் இயல்பு இதுவன்றோ? பழைய ஆட்டங்களைப் புதுவண்ணம் தீட்டி மீண்டும் வெளியிடுவோர் உளர். அவர்களை நான் குறைகூறேன். எனினும் அது தழுவல், மூலமாகாது.

முதற்கட்டம் முடிந்ததும் ஓர் அறை வந்தது. அங்கே எழுத்துகள் தாங்கிய மருந்துக் குப்பிகள் இருந்தன. அச்சிட்ட கையேட்டில் இன்ன பக்கத்து இன்ன வரியின் இன்ன சொல்லுக்கு முதலெழுத்து எதுவோ, அக்குப்பியையே அருந்த வேண்டும். திருட்டுப் படியைத் தடுக்க வைத்த காவல் அது. கையேடு பெங்களூரில் இருக்கும் என் மகனிடம் இருந்தது. தொலைபேசியில் அழைத்தோம். அவன் எழுத்தைப் படித்துச் சொல்லிவிட்டு, "இந்த ஆட்டத்தைக் கண்ட ஆசையில்தான் நான் ஆடுபுலி எழுதினேன்" என்று சிரித்தான்.

"அப்பா எழுதிய ஆட்டமா? அது எங்கே, தாத்தா?" என்று பெயரன் என்னைக் கேட்டான்.

நான் உடனே விடை கூறவில்லை.

என் தந்தையார் பிறந்த சிற்றூர் இன்று இல்லை. 1957-இல் தொடங்கிய சுரங்கப் பணி விரிந்தபோது பழுப்பு நிலக்கரிப் படுகையின்மேல் இருந்த ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. அவற்றுள் அதுவும் ஒன்று. அவ்வூர்க் கோயில் மண்டபத்தின் தளக்கல்லில் ஆடுபுலிக் கட்டம் கீறியிருந்ததாம். அந்தக் கல்லில் ஆடிக் கற்றதை என் தந்தையார் எங்கள் வீட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, தம் பெயரனுக்குக் கற்பித்தார். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாவி ஆட்டை வெட்டும். ஆடுகள் கூடிப் புலியை அடைக்கும். 1994-இல் என் மகன் பள்ளிக் கணிப்பொறியில் 'ஜி.டபிள்யூ.-பேசிக்' மொழியில் அதனை ஆட்டமாக எழுதினான். ஃபிளாப்பி என்று வழங்கிய கருநிறச் சதுரத் தகட்டில் பதிந்து வீட்டிற்குக் கொணர்ந்தான். அத்தகடு கொள்வது 360 கிலோபைட்டு. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்திற்குக்கூட அவ்விடம் போதாது. பாடத்தை விட்டு விளையாட்டை எழுதினான் என்று அன்று நான் அவனைக் கடிந்துகொண்டேன்.

2015-இல் ஓய்வு பெற்றுக் குடியிருப்பை ஒழித்தபோது அந்தத் தகட்டுப் பெட்டி என் கையில் அகப்பட்டது. எப்பொறியிலும் நுழையாத தகடு எதற்கு என்று கருதி, பழைய இரும்போடு காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். சுவடிகளை ஆற்றில் விட்டவர்களை எத்தனை வகுப்புகளில் இடித்துரைத்திருப்பேன்! மெக்னரின் மூலநிரலும் பல ஆண்டுகள் காணாமற் போயிருந்ததே. 2012-இல் அவர் தந்தையார்தாம் வீட்டிலிருந்த பெட்டியொன்றில் அத்தகடுகளைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். வல்லுநர் சிலர் துணையோடு அவை படிக்கப்பெற்று, அவ்வாண்டு ஏப்ரலிலேயே உலகோர் காண வெளியிடப்பட்டன. அந்தத் தந்தை பெட்டியை வைத்திருந்தார், நான் வைத்திருக்கவில்லை.

மறுநாள் மகனை அழைத்து உண்மையைச் சொன்னேன். சிறிது பொழுது அவன் பேசவில்லை. பின்பு, "தெரியும் அப்பா. அந்த ஆண்டு வந்தபோதே தேடிப் பார்த்தேன்" என்றான். இத்தனை ஆண்டுகளாக அவன் என்னை ஒரு சொல்லும் கேட்டதில்லை.

"அப்பா சொல்லட்டும், நான் தட்டுகிறேன்" என்று பெயரன் இடையே புகுந்தான். புதிய மொழியொன்றில் எழுதலாம் என்பது அவன் கருத்து. பழைய மொழியில்தான் எழுத வேண்டும் என்று மகன் உறுதியாக நின்றான். ஆகவே டாஸ்பாக்ஸினுள்ளே பேசிக் மொழி குடியேறிற்று. மகனுக்கு எல்லா வரிகளும் நினைவில் இல்லை. வெட்டுண்ட ஆடு சில வேளை மீண்டும் எழுந்து நிற்கும் பிழையொன்று அதில் இருந்ததை மட்டும் நன்றாக நினைவு வைத்திருக்கிறான். அப்பிழையைத் திருத்துவதா, உள்ளவாறே விடுவதா என்று இருவருக்கும் வழக்கு மூண்டு என்னிடம் வந்தது. ஒரு படியில் பிழையோடும் மற்றொரு படியில் திருத்தியும் வைக்குமாறு தீர்ப்பளித்தேன். பாடபேதம் எங்கள் தொழிலுக்குப் புதிதன்று.

பள்ளி திறந்த பின்னும் பணி நிற்கவில்லை. ஞாயிறுதோறும் மூவரும் தொலைபேசியில் கூடுகிறோம். என் தந்தையார் கோடுகளை எங்குத் தொடங்கி எவ்வாறு இழுத்தார் என்பது இன்று எனக்கு மட்டுமே நினைவிருக்கிறது. ஆதலால் நான் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டுகிறேன். பெயரன் புள்ளிகளின் இடங்களை எண்களாகக் குறித்துக்கொள்கிறான். 23 புள்ளிகளுள் சென்ற ஞாயிறுவரை 11 புள்ளிகள் திரைக்கு வந்துள்ளன.