சக்கரத்துக்கும் குடத்துக்கும் நடுவே

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தமிழ் குடம் என்கிறது. மோட்டார் வண்டியில் அதே இடத்தில் இருக்கும் உறுப்பைப் பட்டறைக்காரர்கள் ஹப் என்பார்கள். இந்தக் குடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே செருகப்படும் அலுமினிய வட்டுக்கு ஸ்பேசர் என்று பெயர். அது செய்யும் வேலை ஒன்றுதான்: சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளி வைப்பது. பிக்கப் வண்டிகளை வாங்குவோரில் பலர் தோற்றத்துக்காகவே அதை மாட்டுகிறார்கள். வண்டி அகலக் கால் பரப்பி நிற்பது போன்ற மிடுக்கு வந்துவிடும். அந்த ஆசையில் பழிக்க ஒன்றுமில்லை. ஆனால் தில்லியில் ஒரு புவியியல் துறையின் களப்பணி வண்டிக்கு ஸ்பேசர் தேவைப்பட்டது மிடுக்குக்காக அன்று.

வண்டி ஈசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். ஆண்டுதோறும் கோடையில் லாஹௌல், ஸ்பிதி பள்ளத்தாக்குகளுக்குப் போய்வரும். கிராம்பூவிலிருந்து பாத்தல் வழியாகக் குன்சும் கணவாய்க்கு ஏறும் பாதையைப் பாதை என்பதே உபசார வழக்கு. உருண்டைக் கற்களும் குறுக்கே ஓடும் ஓடைகளுமாகக் கிடக்கும். கணவாயின் உயரம் 4,500 மீட்டருக்கு மேல். அடிப்பகுதி பாறையில் இடிபடுவதைக் குறைக்க எண்ணிய முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர், தொழிற்சாலையிலிருந்து வந்த 245/70 ஆர்16 டயர்களை நீக்கிவிட்டு, அதே அலாய் சக்கரங்களில் 265/75 ஆர்16 டயர்களை ஏற்றினார். விட்டம் 749 மில்லிமீட்டரிலிருந்து 804 ஆயிற்று. தரையிலிருந்து கிடைத்த கூடுதல் உயரம் அதில் பாதி, 27 மில்லிமீட்டர். கூடவே ஓர் உரசலும் வந்தது. டயரின் அகலம் 20 மில்லிமீட்டர் கூடியதால் உட்பக்கமாக 10 மில்லிமீட்டர் நெருங்கி, ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது சஸ்பென்ஷனின் மேற்கையைத் தொட்டது.

தேவைப்பட்டது பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான். அந்த அளவுக்கு மெல்லிய ஸ்பேசர் கிடைக்காமல் இல்லை. அது வெறும் தட்டு. வண்டியின் சொந்த ஸ்டட்களிலேயே கோத்து மாட்ட வேண்டும். இத்தகைய வண்டிகளில் ஸ்டட்டின் தடிமன் 12 மில்லிமீட்டர், மரைகளுக்கு இடையிலான தொலைவு 1.5. நட் குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது, அதாவது எட்டுச் சுற்றாவது, மரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. பத்து மில்லிமீட்டர் தட்டு ஏறக்குறைய ஏழு சுற்றுகளை விழுங்கிவிடும். ஸ்டட்களையே நீளமானவையாக மாற்றாமல் அதை மாட்டுவது தற்கொலைக்குச் சமம். எனவே மற்றொரு வகைக்குப் போக வேண்டியதாயிற்று. அது முதலில் குடத்தோடு முடுக்கப்படும். பிறகு தன் மேல் உள்ள புதிய ஸ்டட்களில் சக்கரத்தைத் தாங்கும். ஆய்வாளர் வாங்கியது 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு வட்டுகள். மூன்று விலைப்புள்ளிகள், கொள்முதல் குழு ஆகியவற்றை நினைத்துப் பார்த்துத் தம் உதவித்தொகையிலிருந்தே வாங்கினார் என்பதைக் கல்விப்புலத்தார் புரிந்துகொள்வர்.

ஸ்பேசரைப் பற்றி எங்கும் கேட்கும் எதிர்வாதம் பேரிங் கெட்டுவிடும் என்பது. அதில் உண்மை உண்டு. சொல்லப்படும் அளவுக்கு இல்லை. ஒரு சக்கரத்தின் மீது 500 கிலோ எடை இருப்பதாகக் கொண்டால், 25 மில்லிமீட்டர் வெளியே தள்ளுவதால் கூடும் வளைவுவிசை சுமார் 120 நியூட்டன் மீட்டர். அதே சக்கரம் திருப்பத்தில் தன் சுமையில் பாதியைப் பக்கவாட்டு விசையாக ஏற்கும்போது, டயரின் ஆரத்தை நெம்புகோலாகக் கொண்டு குடத்தின் மீது வரும் வளைவுவிசை ஆயிரத்தை நெருங்கும். பேரிங்கின் ஆயுள் குறையும் என்பது உண்மையே, ஆயினும் அது இரைந்து எச்சரித்துவிட்டுத்தான் சாகும். அச்சம் இருக்க வேண்டிய இடம் வேறு.

சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்கள் என்று பலரும் நம்புகிறார்கள். நட்டை முடுக்கும்போது ஸ்டட் நூலிழை அளவு நீண்டு, வில் நாண் போல விறைத்து, சக்கரத்தைக் குடத்தோடு இறுக்கிப் பிடிக்கிறது. அந்த இறுக்கத்தில் இரு முகங்களுக்கும் இடையே பிறக்கும் உராய்வுதான் சுமையின் பெரும்பகுதியைச் சுமக்கிறது. முகங்களுக்கு நடுவே துருவோ தடித்த சாயமோ மணலோ இருந்தால், அது நசுங்கும்தோறும் இறுக்கம் தளரும். தளர்ந்த பின் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் ஒரு முறை வளைந்து நிமிரும். 804 மில்லிமீட்டர் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 400 முறை சுற்றுகிறது. தில்லியிலிருந்து மணாலி சேர்வதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். இரும்பு களைத்துப்போக அது போதும். ஆகவேதான் முகங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய், டார்க் ரெஞ்ச்சால் கையேட்டு அளவுக்கு முடுக்கு, நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி பார் என்கிறார்கள். ஸ்பேசர் வந்ததும் இப்படிப்பட்ட இணைப்பு ஒன்றுக்கு இரண்டாகிறது. உள்ளே இருக்கும் ஆறு நட்களைப் பார்க்கச் சக்கரத்தையே கழற்ற வேண்டும். ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிக்கும் நெடுஞ்சாலைப் பஞ்சர்க் கடைக்காரருக்கு உள்ளே இன்னோர் ஆறு இருப்பது தெரிய வழியில்லை.

காஷ்மீரி கேட் பகுதிப் பட்டறை ஒன்றில் பொருத்தும் வேலை நடந்தது. மேஸ்திரி நிதானமானவர். முதல் வட்டைக் குடத்தில் முடுக்கியதும், வண்டியின் பழைய ஸ்டட் நுனிகள் வட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தன. தொழிற்சாலைச் சக்கரங்களை வைத்துக்கொண்டு ஸ்பேசர் மாட்டுவோர் தவறவிடும் இடம் இதுவே. பல அலாய் சக்கரங்களின் பின்முகத்தில், நட் துளைகளுக்கு இடையே, வார்ப்பிலேயே குழிகள் விடப்பட்டிருக்கும். ஸ்டட் நுனிகள் அவற்றுக்குள் அடங்கினால் தொல்லையில்லை. மேஸ்திரி குழிகளில் களிமண் உருண்டைகளை அப்பிச் சக்கரத்தை மாட்டிக் கழற்றினார். நுனிகள் பதிந்த பிறகும் அடியில் போதிய மண் மிஞ்சியிருந்தது. நான்கு சக்கரங்களும் தேறின. ஆய்வாளர் பணம் கொடுக்க எழுந்தார்.

அதுவரை தேநீர்க் குவளையோடு ஓரமாக நின்றிருந்த ஓட்டுநர், “ஸ்டெப்னியையும் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள், சார்” என்றார்.

லாஹௌலைச் சேர்ந்த அவர் பல கோடைகளாகத் துறைக்கு வண்டி ஓட்டி வருபவர். அந்த வண்டியின் ஸ்டெப்னி அலாய் அன்று. தகட்டு இரும்பை அழுத்தி எடுத்த சாதாரணச் சக்கரம். அதன் பின்முகத்தில் குழிகள் இல்லை. மாட்டி முடுக்கியபோது நட்கள் எதிர்ப்புக் காட்டின, டார்க் ரெஞ்ச்சும் சரியான அளவில் ‘டக்’ என்றது. கைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்ததும் சக்கரத்துக்கும் ஸ்பேசருக்கும் நடுவே வெளிச்சம் ஊடுருவிற்று. சக்கரம் உட்கார்ந்திருந்தது ஆறு ஸ்டட் நுனிகளின் மீது. உராய்வுக்கு அங்கே முகமே இல்லை.

பஞ்சர் ஆனால் ஸ்பேசரையும் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை நேராகக் குடத்தில் மாட்டலாமே என்று ஆய்வாளர் கேட்டார். ஸ்பேசரின் நட்கள் ஒடுங்கிய துளைகளுக்குள் பதிந்திருப்பதால் வண்டியோடு வந்த வீல் ஸ்பேனர் அங்கே நுழையாது. மெல்லிய சுவருள்ள தனி சாக்கெட் வேண்டும். அதைக் கொண்டுபோனாலும், உறைபனிக் குளிரில் இருட்டில் குனிந்து பன்னிரண்டு நட்களைக் கையாளப்போவது ஓட்டுநர். பின்னிருக்கையில் இருக்கப்போவது நாட்கூலிக்கு மாதிரிப் பெட்டி சுமக்கும் உள்ளூர் உதவியாளர்கள் இருவர். ஆய்வேடுகளின் நன்றியுரையில் இவர்களுக்கு ஒரு வரி கிடைக்கும். வண்டியில் எதை மாட்டுவது என்ற பேச்சில் அதுவும் கிடைப்பதில்லை. ஓட்டுநரிடம் முன்பே கேட்டிருந்தால் ஸ்டெப்னி முதலிலேயே மேசைக்கு வந்திருக்கும்.

சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182அ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பதிவுச் சான்றிதழில் இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடையிலான அகலம் எழுதப்படுவதில்லையே என்று வாதிடுவோர் உண்டு. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு ஆய்வாளரிடம் அந்த வாதம் எவ்வளவு செல்லும் என்பது வேறு. இங்கே காகிதத்தின்படி உரிமையாளர் பல்கலைக்கழகப் பதிவாளர். நான்கு ஸ்பேசர்கள் ஒரு மாற்றமா நான்கா என்று அவரிடம் போய்க் கேட்கும் துணிவு யாருக்கும் இல்லை.

உயரம்தான் வேண்டுமென்றால் 235/85 ஆர்16 டயர் இருக்கிறது என்றார் மேஸ்திரி. விட்டம் 806 மில்லிமீட்டர், அகலம் பழையதைவிடக் குறைவு. உட்பக்கம் நெருங்காது, ஸ்பேசரும் வேண்டாம். ஆனால் வேகமானி ஏழு விழுக்காடு குறைத்துக் காட்டும். 27 மில்லிமீட்டரால் தப்பும் பாறைகள் அந்தப் பாதையில் அதிகமில்லை, வேகத்தைக் குறைத்தால் தப்புபவையே அதிகம் என்று ஓட்டுநர் சொன்னார். மறுவாரம் வண்டியில் 245/70 ஆர்16 டயர்களே திரும்ப ஏறின, முரட்டு மரையுள்ளவையாக. ஐந்தாவதும் அதே அளவில் வாங்கி ஸ்டெப்னிக்குப் போட்டார்கள்.

நான்கு ஸ்பேசர்களையும் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவை துறை ஆய்வகத்தில் இருக்கின்றன. நடுத்துளை அகலமாக இருப்பதால் பாறை மாதிரிகளை நிமிர்த்தி வைக்கத் தோதாக இருக்கிறதாம்.