தேய்க்கத் தேய்க்கத்தான் மினுக்கம்

எங்கள் பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்த தரையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் போட்டது என்பார்கள். ஆனால் கலவை மட்டும் போதுமா? அலுக்காமல் தேய்த்த கைகள் தந்த மினுக்கம் அல்லவா அது!

இரண்டாவது பிரசவத்தின்போது எனக்குச் சர்க்கரை இருந்தது. பிள்ளை பிறந்ததும் மறைந்துவிட்டது. "பின்னால் நிரந்தரமாக வரக்கூடும், கவனம்" என்றார் டாக்டரம்மா. "ஆறு மாசத்தில் பத்துக் கிலோ குறைச்சிரு" என்றார் மைனி. கைக்குழந்தையோடு எனக்கு அது மலைப்பாக இருந்தது. மாமியார்தான் வழி சொன்னார்: "மக்கா, கிலோவை விடு. காலையிலே உலை வைக்கும் முன்னே கோட்டை மதிலோரம் அரை மணி நடந்துட்டு வா. பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்."

வாரத்தில் ஐந்து நாள். மொத்தம் 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் அதுவே. மழையால் ஒரு நாள் விட்டாலும் மறுநாள் விடுவதில்லை. 2009-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆயிற்றாம். இப்போது நடக்காவிட்டால்தான் என்னவோ போலிருக்கிறது. வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனையும் உண்டு. சர்க்கரை இதுவரை எட்டிப் பார்க்கவில்லை.

சகோதரிகளே, எத்தனை கிலோ என்பது இருக்கட்டும். நாளைக் காலை எந்த வேலைக்கு முன்னால் நடப்பீர்கள்? அதை இன்றே முடிவு செய்துவிடுங்கள்.