விதியும் வெட்டும்

‘விதி’ என்ற சொல்லுக்கு நம் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று தலைவிதி, அதைப் பற்றிப் பெரியவர்கள் பேசட்டும். மற்றொன்று ஆட்டத்தின் விதி. அதைப் பற்றிச் சிறியவளாகிய நான் சில சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் விடுமுறையில் எங்கள் உறவினர் கூடும் வீட்டில், ஆட்டத்தைவிட ஆட்ட விதியைப் பற்றிய வழக்கே நீண்ட நேரம் நடக்கும்!

ஆடுபுலி ஆட்டத்திற்குத் திண்ணையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு முக்கோணக் கட்டம் வரைந்தால் போதும். 23 சந்திகள், 3 புலிகள், 15 ஆடுகள். புளியங்கொட்டை ஆடாகும்; கூழாங்கல் புலியாகும். அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி நேர் அப்பால் வெற்றிடம் இருந்தால் புலி வெட்டலாம். ஆடுகளுக்கோ வெட்டும் உரிமையே இல்லை. புலிகளை நகர முடியாமல் அடைப்பதுதான் அவற்றின் வெற்றி. 15 ஆடுகளையும் இறக்கி முடிக்கும்வரை அவை நகரவும் கூடாது.

சென்ற கோடையில் பொள்ளாச்சியிலிருந்து வந்த என் மாமன் மகன் புலிகளை ஆடினான். என் தங்கை ஆடுகளை ஆடினாள். ஓர் ஆட்டை வெட்டியவன், நிற்காமல் அதே மூச்சில் இன்னும் இரண்டை வெட்டினான். தங்கை கண் கலங்கினாள்.

“எங்க வீட்டுல அப்படித்தானுங்க அம்மிச்சி. வழி இருந்தா வெட்டிக்கிட்டே போலாமுங்க” என்றான் அவன்.

அவன் சொன்னது பொய்யன்று. வாய்வழியாக வந்த இவ்விதிகள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபடும். அம்மிச்சி இரண்டே கேள்விகள் கேட்டார்கள்.

“மொத ஆட்டை வைக்கறதுக்கு முந்தியே இதச் சொன்னியா கண்ணு?”

அவன் பேசவில்லை.

“ஒரு வெட்டு விழுந்தா, அடுத்த காலி எடத்த அடைக்க ஆட்டுக்கு ஒரு மூச்சு நேரம் வேண்டாமா? அதையும் புடுங்கிக்கிட்டா ஆட்டுக்கு அப்புறம் என்ன இருக்குது?”

இரண்டு புளியங்கொட்டைகள் மீண்டும் கட்டத்துக்கு வந்தன. இறுதியில் வென்றவன் அவனே. ஆனால் தங்கை அழவில்லை. “இன்னொரு ஆட்டம்” என்றாள்.

பின்னர் பள்ளியில் சதுரங்கம் கற்றபோது அத்தீர்ப்பின் அருமை எனக்கு இன்னும் நன்றாக விளங்கிற்று. நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய் ஒரு கட்டமே நகரும். ஐரோப்பியர் ஆட்டத்தை விரைவாக்க, முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லவிட்டனர். அதனால் எதிரிச் சிப்பாயின் காவலில் உள்ள கட்டத்தைத் தாண்டி ஓடிவிட வழி பிறந்தது. ஆகவே, அப்படித் தாண்டிய சிப்பாயை ஒரு கட்டமே நகர்ந்ததாகக் கருதி, எதிரிச் சிப்பாய் வெட்டலாம் என்று விதித்தனர். உடனே அடுத்த நகர்வில் வெட்ட வேண்டும். தவறினால் அவ்வுரிமை போய்விடும். இத்தாலியிலோ 1880 வரை அவ்வாறு தாண்டிச் செல்ல விட்டார்கள்.

முதன்முறை இவ்வெட்டைக் காண்பவர் “இது அநியாயம்!” என்றே கூவுவர். காரணம் அறிந்தாலோ கோபம் தணியும். சிப்பாய்க்குக் கொடுத்தது வேகம். தப்பி ஓடும் சலுகை அன்று. அதுபோலவே புலிக்குக் கொடுத்தது பல். ஆட்டின் முறையையும் சேர்த்து விழுங்கும் உரிமை அன்று.

விதிகள் வேறுபடுவது குற்றமாகாது. நம் நாட்டு முறையில் பயின்ற மீர் சுல்தான் கான், பின்னர் ஐரோப்பிய விதிகளைக் கற்று 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனாரன்றோ? ஆட்டத்தின் நடுவே, வெல்பவர் தமக்கேற்ற விதியை எடுத்து நீட்டுவதே குற்றம்.

ஓய்வுநாள் சட்டத்தைக் காட்டிப் பரிசேயர் வழக்காடியபோது, நம் ஆண்டவர் அச்சட்டத்தை அழிக்கவில்லை. அது யாருக்காக ஏற்பட்டது என்பதை நினைவூட்டினார். தோழியரே, வீட்டிலோ வகுப்பிலோ விளையாட்டுத் திடலிலோ ஒரு விதியைக் குறித்து வழக்கு எழுந்தால், இரண்டு கேள்விகளைக் கேட்போம். இதை முன்பே இருவரும் ஒப்புக்கொண்டோமா? இவ்விதி யாரைக் காக்கப் பிறந்தது? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், வலியவருக்கும் எளியவருக்கும் ஒரே திண்ணையில் இடம் உண்டு.