மேரி தினமும் ஓர் அச்சுப் பட்டறையும்

1951

ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது துளைவழி அச்சு. மரச்சட்டத்தில் மெல்லிய துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, மை இறங்கக் கூடாத இடங்களை அடைத்துவிடுவார்கள். ரப்பர் பட்டையால் மையை அழுத்தி இழுத்தால், அடைபடாத கண்கள் வழியாக மட்டும் அது தாளில் இறங்கும். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளும் துணிக்கடைப் பைகளும் பல காலம் இப்படித்தான் அச்சாயின. லாஸ் ஏஞ்சல்ஸின் இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரியில் ஓவியம் கற்பித்த கன்னியாஸ்திரி கொரீட்டா கென்ட் இந்தத் தொழிலைக் கற்றது இந்த ஆண்டில். கற்றுத்தந்தவர், மறைந்த மெக்சிகோ ஓவியர் ஆல்ஃபிரடோ ராமோஸ் மார்ட்டினெஸின் மனைவி மரியா. கொரீட்டாவின் தொடக்ககாலப் படங்கள் நிறத்தின் மேல் நிறம் ஏற்றிய விவிலியக் காட்சிகள்.

1962, ஜூலை

லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபெரஸ் கலைக்கூடத்தில் ஆண்டி வார்ஹால் 32 சூப் டப்பா ஓவியங்களை வைக்கிறார். கொரீட்டாவும் பார்க்கிறார். அதே ஆண்டில் அவர் அச்சிட்ட ‘வொண்டர்பிரெட்’ படத்தில் ரொட்டி உறையின் வண்ண வட்டங்கள் நற்கருணை அப்பமாகின்றன. வார்ஹாலின் டப்பாக்கள் எதையும் வேண்டி நிற்பதில்லை. கொரீட்டாவின் வட்டங்களோ வேண்டுதலாகவே நிற்கின்றன.

1964, மே

மேரி மாதாவைப் போற்றும் மேரி தினம் கல்லூரியின் ஆண்டு வழக்கம். கறுப்பு அங்கியில் மாணவிகள் வரிசையாக நடந்து போகும் அடக்கமான பவனி அது. இந்த ஆண்டு ஓவியத்துறை அதைத் தலைகீழாக மாற்றுகிறது. கூந்தலில் பூ, கிதார், வண்ணப் பதாகைகள், கையில் ஏந்திய பெரிய எழுத்து அட்டைகள். பல அட்டைகளின் சொற்களும் படங்களும் மளிகை விளம்பரங்களிலிருந்து வந்தவை. மாதாவைத் தக்காளிக்கு ஒப்பிட்ட ஓர் அச்சுப்படமும் இந்த ஆண்டுக்குரியதே. பேராயர் கார்டினல் மெக்கின்டையருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்து வடிவமைப்பு என்ற கோணத்தில் பார்த்தால், விழாவின் கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் இருக்கிறது. தெருவில் நடந்துகொண்டே ஒருவர் ஏந்தும் சொல் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். விளம்பர எழுத்து அதற்காகவே பழக்கப்பட்டது.

ஆகஸ்ட், கோடை விடுமுறை

பாடவேளையில் பெரும் அச்சு வேலைக்கு நேரமில்லை. கல்லூரிக்கு எதிர்ச்சாரியில் உள்ள பட்டறையில் விடுமுறை வாரங்களில்தான் அது நடக்கிறது. வடிவமைப்பு அதற்கு முன்பே, கத்தரிக்கோலோடு தொடங்கிவிடும். நடுவில் சதுர ஓட்டை வெட்டிய ஒரு சிறு அட்டையை மாணவிகளுக்குத் தருவார் கொரீட்டா. அதன் வழியே பெட்ரோல் பங்கையோ கடைப் பலகையையோ பார்த்தால் சூழல் மறைந்து, எழுத்தின் வளைவு மட்டும் கண்ணில் நிற்கும். பத்திரிகை விளம்பரத்தைக் கசக்கி, மடித்துப் புகைப்படம் எடுப்பதும் உண்டு. நெளிந்துபோன எழுத்து அப்படியே ஸ்டென்சிலாகும்.

ஒரு நிறத்துக்கு ஓர் அடைப்பு. ஆகவே நான்கு நிறப் படத்தில் ஒவ்வொரு தாளும் சட்டத்தின் அடியில் நான்கு முறை போக வேண்டும். தாளின் மூலை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முட்டி நிற்க வேண்டும். இம்மி விலகினாலும் நிறங்களுக்கிடையே வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். மை கெட்டியானால் வலைக்கண் அடைபடும், நீர்த்தால் விளிம்பு கசியும். ஒருவர் தாள் வைக்க, ஒருவர் இழுக்க, ஒருவர் ஈரத்தாளை எடுத்து உலர்த்த, மூன்று நான்கு பேர் இல்லாமல் வேலை ஓடாது. சகோதரிகளும் மாணவிகளும் சேர்ந்தே செய்தார்கள். ஊர்கூடும் விழாவுக்கு இந்த அச்சுமுறை பொருந்துவதற்கு மலிவு மட்டும் காரணமில்லை, இந்தக் கைமாற்றமும்தான். தாளோடு நிற்காமல், சட்டைக் காலருக்குள் வைத்துத் தைக்கும் பெல்லான் துணியிலும் அச்சிட்டார்கள். பிரதிகளுக்கு வரிசை எண் இட்டு அரிதாக்கும் பழக்கத்தைக் கொரீட்டா பெரும்பாலும் தவிர்த்தார். குறைந்த விலையில் பலர் வீட்டுச் சுவருக்குப் போவதே அவருக்கு முக்கியம்.

1968

கொரீட்டா துறவறத்தை விட்டுப் பாஸ்டனுக்குப் போகிறார். பேராயரோடு நீண்ட இழுபறிக்குப் பிறகு, 1970-இல் இம்மாகுலேட் ஹார்ட் சகோதரிகளில் பெரும்பாலோர் துறவற வார்த்தைப்பாடுகளிலிருந்து விலகித் தனிச் சமூகமாகிறார்கள்.

2021, ஜூன்

ஃபிராங்க்ளின் சாலையில் இருந்த அந்தப் பட்டறை பின்னாளில் சலவைக்கடையாகியிருந்தது. வாகன நிறுத்தத்துக்காக இடிக்கப்படவிருந்த அதை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றம் இந்த மாதம் வரலாற்று-பண்பாட்டு நினைவுச்சின்னமாக அறிவித்தது.