அப்பாவின் ட்ரெட்நோட்டும் எனது தோள்மூட்டும்

மூத்த மகள் வருகிற ஆவணியில் டொரொன்டோவிலிருந்து வருகிறாள். "அப்பா, இந்த முறை சொக்லேட்டும் வைற்றமின் குளிசையும் கொண்டு வரமாட்டன். உங்களுக்கு ஒரு காபன் ஃபைபர் கிற்றார் கொண்டு வாறன். எந்தச் சைஸ், எந்த வடிவம் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள் தொலைபேசியில். பிறகு சற்றுத் தயங்கி, "அப்பப்பான்ர கிற்றார் மாதிரியே பெரிசா ஒண்டு வாங்கட்டே?" என்றும் கேட்டாள்.

நாற்பது ஆண்டுகளாகச் செய்திக்குத் தலைப்பிட்டு வாழ்ந்தவனுக்கு இந்த ஒற்றைக் கேள்விக்கு விடை எழுத ஒரு மாதம் பிடித்தது. தரமான காபன் கிற்றார் ஒன்றின் விலை ஆயிரம் டொலரைத் தாண்டுகிறது. கொண்டு வந்தபின் கைக்குப் பொருந்தவில்லை என்று திருப்பியனுப்ப இயலாது. இந்த வயதில் இதற்குப் பிறகு இன்னொன்று வாங்கப் போவதுமில்லை.

அப்பப்பாவின் கிற்றார் என்று மகள் சொன்னது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய மரக் கிற்றாரை. அப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்துப் பட்டறையில் வேலை செய்தவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்டபோது, ஊர் திரும்பிய மாலுமி ஒருவரிடமிருந்து அதனை வாங்கினார். உட்துறைமுகத்தைப் பார்த்த எங்கள் முன்விறாந்தையில் அமர்ந்து அவர் அதை வாசித்தபோது, அடித்தந்தியின் அதிர்வு வாங்குப் பலகை வழியாக என் தொடைக்கு வரும். எனக்கு இசை அறிமுகமானது காதால் அல்ல, தொடையால்.

அந்த உடலமைப்புக்குப் பெயர் ட்ரெட்நோட். 1906 இல் பிரித்தானியக் கடற்படை இறக்கிய பெரும் போர்க்கப்பலின் பெயர் அது. 'எதற்கும் அஞ்சாதது' என்று பொருள். 1916 இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் டிற்சன் என்ற இசைக்கருவி வணிகருக்காக வழமையைவிடப் பெரிய கிற்றார் ஒன்றைச் செய்தபோது கப்பலின் பெயரையே அதற்கு இட்டது. 1931 இல் தனது சொந்தப் பெயரிலும் வெளியிட்டது. அகன்ற கீழ்ப்பகுதி, ஏறத்தாழ ஐந்து அங்குல ஆழம், இடுப்பு என்று சொல்லத் தயங்கும் அளவுக்கு மெல்லிய வளைவு. இன்று கடைகளில் 'கிற்றார்' என்று பொதுவாகக் காட்டப்படுவது பெரும்பாலும் இதுதான்.

எதற்கும் அஞ்சாத அக்கிற்றார் எங்கள் ஊர்க் காற்றுக்கு அஞ்சியது. மரக் கிற்றாருக்கு உகந்த ஈரப்பதன் நூற்றுக்கு ஐம்பதை ஒட்டியது என்பார்கள். வாடையும் மழையும் கொட்டும் ஐப்பசி தொடக்கம் தை வரை மேற்பலகை நீரை உறிஞ்சி வயிறு வைக்கும். தந்திகள் மெட்டை விட்டு உயர்ந்து விரலை அறுக்கும். கச்சான் வீசும் மாதங்களில் அதே பலகை வற்றி இறங்கும். அப்பா ஆண்டுக்கு இருமுறை எதையாவது செப்பனிடுவார். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது நாங்கள் உடுத்த உடையோடு வெளியேறினோம். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது கூரையில் பாதியில்லை. கிற்றார் இருந்தது, ஆனால் அடிப்பலகை பசை விட்டுப் பிரிந்து நின்றது. அப்பா அதை மறுபடி ஒட்டினார். பழைய ஒலி திரும்பவில்லை.

ஆகவே காபன் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை. இத்தகைய கிற்றார் பிறந்ததும் ஒரு தீவில்தான். ஹவாயின் மவுயித் தீவில் வாழ்ந்த ஜோன் டெக்கர் என்ற இயற்பியலாளர், ஈரக்காற்றில் மரக்கருவிகள் படும் பாட்டைக் கண்டு 1980களில் காபன் இழையிலும் பசைக்குழம்பிலும் கிற்றார் செய்ய முனைந்தார். தனது நிறுவனத்துக்கு 'ரெயின்சோங்', அதாவது மழைப்பாட்டு, என்று பெயரிட்டார். மழை பற்றிய மனத்தாங்கல் இல்லாதவன் அப்படியொரு பெயரை வைத்திருக்க மாட்டான்.

நிற்க. பொருள் முடிவாயிற்று, வடிவம்தான் முடிவாகவில்லை.

இந்த இடத்தில் எனது தோள்மூட்டு குறுக்கிட்டது. நான்கு ஆண்டுகளாக வலது தோள் இறுகிப்போய்க் கிடக்கிறது. அப்பாவின் கிற்றாரை மடியில் வைத்தால், அதன் ஆழத்தைத் தாண்டிக் கை மேலேறி இறங்க வேண்டும். பத்து நிமிடத்தில் வலி கழுத்துக்கு ஏறிவிடும். சத்தியமாகச் சொன்னால் இரண்டு ஆண்டுகளாக நான் வாசிக்கவேயில்லை. வீட்டார் கேட்டால் தந்தி பழுது என்பேன்.

குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டையை எடுத்து, உண்மை அளவில் மூன்று கிற்றார் உடல்களை வெட்டி ஒட்டினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள்தான் வந்து பார்த்துச் சிரித்தார்கள். முதலாவது ட்ரெட்நோட்: கீழ்ப்பகுதி அகலம் பதினைந்தரை அங்குலத்துக்குச் சற்று மேல். இரண்டாவது ஓர்கெஸ்ட்ரா மொடல்: அகலம் பதினைந்து, ஆழம் நான்கைச் சற்றுத் தாண்டும். மூன்றாவது பார்லர்: பதின்மூன்றரை. அகலத்தில் முதலிரண்டுக்கும் வேறுபாடு அரையங்குலம்தான். ஆனால் என் தோளுக்கு அகலம் பொருட்டேயல்ல என்பதை மட்டைப்பெட்டி சொல்லித் தந்தது. வலியைக் கொண்டுவருவது ஆழம். அடுத்தது இடுப்பு. ஓர்கெஸ்ட்ரா மொடலின் ஆழ்ந்த இடுப்பு தொடையில் இறங்கி அமர்வதால் கருவியின் தோள் தாழ்ந்துவிடுகிறது, கையும் தாழ்கிறது.

அப்படியானால் மிகச் சிறியதையே கேட்கலாமே? அதையும் எண்ணினேன். பாலையூற்றுத் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் பறங்கித் தம்பி ஒருவருக்கு மெல்போணிலிருக்கும் மாமி காபன் பார்லர் ஒன்றை அனுப்பியிருந்தார். ஒரு ஞாயிறு மாலை அதைக் கொண்டுவந்தார். வரும் வழியில் கொட்பேயில் படகு திருத்தும் ஒருவரிடம் காட்டினாராம். அவர் விரலால் தட்டிப் பார்த்து, "இது எங்கட போட்டுக்குச் சொந்தக்காரன்" என்றாராம். தவறில்லை, படகில் கண்ணாடி இழை, இதில் காபன் இழை, இரண்டுமே அச்சில் வார்ப்பவை.

அச்சில் வார்ப்பது என்பதில்தான் விடயமே இருக்கிறது. மரத்தைச் சூடாக்கி வளைக்க வேண்டியதில்லை; மெல்லிய மேற்பலகை தந்தியின் இழுவைக்கு உடையாதிருக்க உள்ளே தாங்குசட்டங்களை நிறைக்கவும் வேண்டியதில்லை. சில நிறுவனங்கள் அவற்றை அறவே விட்டுவிட்டன. கை படும் விளிம்பைச் சரித்து உருட்டலாம். ஒலித்துளையை ஓரத்துக்கு நகர்த்தலாம். மரத்தின் வசதிக்காகவும் தச்சனின் வசதிக்காகவும் இருந்த சில கோடுகளை இனி வாசிப்பவனின் வசதிக்கு மாற்றலாம்.

தம்பியின் பார்லரை வாசித்தேன். அந்தச் சிறு உடலிலிருந்து அத்தனை முழக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இருபது நிமிடம், தோள் வலிக்கவில்லை. பைலாத் தாளமொன்றைப் பிடித்தோம். 1970களில் எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் சகோதரர்கள் இவ்வூரிலிருந்து பொப்பிசை பாடிப் புகழடைந்த காலத்தில் நாங்களும் எங்களைப் பாடகர்கள் என்று எண்ணிக்கொண்டு போட்ட தாளம்தான். ஆனால் அடித்தந்தியைத் தட்டியபோது ஏதோ ஒன்று வரவில்லை.

"என்ன அங்கிள், பிடிக்கேல்லையா?"

"நல்லாயிருக்கு தம்பி. தொடைக்குத்தான் ஒண்டும் வரேல்லை."

அவருக்கு விளங்கியிருக்காது. காரணம் எளியது. கிற்றாரினுள் இருக்கும் காற்றும் ஒரு குரலுடையது. போத்தல் வாயில் ஊதினால் எழுவது போன்றது. ட்ரெட்நோட்டில் அக்காற்று வினாடிக்கு ஏறத்தாழ நூறு அதிர்வில் ஒலிக்கும். அடித்தந்தியின் சுருதி எண்பத்திரண்டு. உடல் சிறுத்தால் காற்றின் குரல் பொதுவாக மேலேறி அடித்தந்தியை விட்டு விலகும். ஒலித்துளையைச் சிறிதாக்கி ஓரளவு கீழே இழுக்கலாமே தவிர, இல்லாத காற்றை எந்தக் காபனும் தராது.

ஒரு வாரம் ட்ரெட்நோட் பக்கமே சாய்ந்திருந்தேன். காபனிலும் அவ்வடிவம் கிடைக்கிறது. அப்பாவின் ஒலியே ஈரத்துக்கு அஞ்சாத உடலில் வரும் என்ற ஆசை. ஓர் இரவு யாரும் பார்க்காதபோது மட்டை ட்ரெட்நோட்டை மடியில் வைத்துப் பதினைந்து நிமிடம் வெறுமனே கையசைத்தேன். மறுநாள் காலை சேர்ட் போட மனைவியின் உதவி தேவைப்பட்டது. அவர் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. மட்டைக் கிற்றாரை மட்டும் கொண்டுபோய்க் குசினி அடுப்படியில் வைத்தார்.

மகளுக்கு எழுதினேன்: ஓர்கெஸ்ட்ரா மொடலின் அகலம் வேண்டும். ஆழம் நான்கு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. மேல்விளிம்பு சரிந்திருந்தால் நல்லது. கழுத்து, உடலை பதினான்காவது மெட்டில் அல்ல, பன்னிரண்டாவது மெட்டில் சந்திக்க வேண்டும். அப்படிச் சந்தித்தால் இடது கை நீள வேண்டிய தூரம் குறையும், பாலமும் கீழ்ப்பகுதியின் நடுவுக்கு நகர்ந்து அடித்தந்திக்குச் சற்றுப் பலம் தரும். உச்ச மெட்டுகளில் வித்தை காட்டும் எண்ணம் எனக்கில்லை.

"அப்ப அப்பப்பான்ர மாதிரி வேண்டாமோ?" என்று மறுமொழி வந்தது.

அது சுவரில் இருக்கிறது என்று எழுதினேன். கூடவே, ஆறு செற் தந்தியும் கொண்டு வரச் சொன்னேன். காபனை உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. தந்தியை மூன்று வாரத்தில் தின்றுவிடும்.