விக்கிரம வருஷம், மார்கழி மாதம்

தொண்ணூறுகளின் நடுவில் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் நான் நடத்திய வழக்கு இது. என் கட்சிக்காரர் புது மண்டபத்துப் பக்கம் சிறிய பதிப்பகம் வைத்திருந்தவர். பிள்ளை வளர்ப்பும் கைவைத்தியமும் சொல்லும் பழைய நூல் ஒன்றை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதில் ஆசிரியர் பெயர் இல்லை. ‘ஒரு தாய்’ என்று மட்டும் இருந்தது. முதல் பதிப்பை வெளியிட்டவரின் பேரன் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டார்.

வாதிக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. பெயர் தெரியாத நூலுக்கு, ஆசிரியர் வெளிப்படும்வரை வெளியீட்டாளரையே உரிமையாளராகக் கொள்ளச் சொல்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. அதோடு, எழுதியவர் தம் பாட்டிதான் என்றும் அவர் 1962இல் காலமானார் என்றும் மனுவில் சொல்லியிருந்தார். அது ஏற்கப்பட்டால் உரிமை 2022 வரை நீளும்.

ஆனால் 23ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு. பெயரில்லா நூலின் காலம், அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் ஓடுகிறது. ஆசிரியர் யாரென்று அந்தக் காலம் முடிவதற்குள் தெரியவந்தால்தான் கணக்கு அவர் ஆயுளுக்கு மாறும். காலம் முடிந்த பிறகு பெயரைச் சொல்லிப் பயனில்லை.

அந்தக் காலம் முதலில் 50 ஆண்டு. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 1991 முடிவில் பொதுவுடைமையாகப் போகும் நேரத்தில், அதை 60 ஆக்கினார்கள். திருத்தம் 1991 டிசம்பர் 28 முதல் செல்லும். அதற்கு முன்பே காலாவதியான நூலுக்கு அது உயிர் கொடுக்காது. எங்கள் நூல் 1940இல் வெளியாகியிருந்தால் உரிமை 1990 டிசம்பர் 31இல் முடிந்தது. 1941 என்றால், முடிய மூன்று நாள் இருக்கும்போது திருத்தம் வந்து பத்தாண்டு கூட்டிவிட்டது.

தலைப்புப் பக்கத்தில் இருந்ததோ ‘விக்கிரம வருஷம், மார்கழி மாதம்’. 1940 டிசம்பர் நடுவில் தொடங்கி 1941 ஜனவரி பொங்கல்வரை போகும் மாதம்!

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1867ஆம் ஆண்டு அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி, அச்சான ஒவ்வொரு நூலையும் அப்போது அரசுக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. தலைப்பு, அச்சகம், பக்கம், பிரதி, விலை, அச்சகத்திலிருந்து வெளிவந்த தேதி என்று எல்லாம் பதிவாகி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழில் பட்டியலாக வந்தது. வெள்ளை அரசு தன் கண்காணிப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் தமிழ் நூல்களின் பிறப்புச் சான்று அந்தப் பட்டியல்களில்தான் கிடக்கிறது என்பேன். எங்கள் நூலுக்கு நேரே 1940 டிசம்பர் 23 என்று இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல திறமைசாலி. அச்சகத்தை விட்டு வருவது வேறு, மக்கள் கைக்குப் போவது வேறு. பொங்கலுக்குப் பிறகே விற்பனைக்கு வந்தது என்றார். வலுவான வாதம். சட்டம் கேட்பது வெளியீட்டைத்தான், அச்சடிப்பை அல்ல.

கட்சிக்காரர் பழைய வாசகசாலைகளாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒன்றில் நூல் வரவுப் பதிவேடு அகப்பட்டது. 1940 டிசம்பர் 29ஆம் தேதியில் அந்த நூலின் பெயர், ‘விலைக்கு வாங்கியது, ஆறணா’. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் இருக்கவேண்டிய இடத்திலிருந்தே வந்தால், அதை உண்மையானதாகக் கொள்ளலாம் என்றது, 2024 வரை நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவு. நூலகர் வந்து சாட்சி சொன்னார். பதிவேடு சான்றாவணமாகக் குறிக்கப்பட்டது.

வழக்கு தள்ளுபடியானது. உரிமை 1990 முடிவிலேயே போய்விட்டதால், பாட்டிதான் ஆசிரியரா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. எனக்கு அதில்தான் வருத்தம். வாதி கொண்டுவந்திருந்த கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்த பிறகு, அந்த அம்மாள்தான் எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கட்சிக்காரரிடம் சொன்னேன். “பேரைப் போட்டுடறேன் ஸார், அதுதானே நியாயம்” என்றார். அடுத்த பதிப்பில் போட்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது புனைபெயரில் எழுதியிருந்தால், முதல் பதிப்பையும் கையெழுத்துப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். அவர் இருக்கும்போதே, பதிப்பாளரோடு சேர்ந்து பெயரை வெளிப்படையாக அறிவிக்கச் செய்யுங்கள்.