பன்னிரண்டு டாலர் வெள்ளை லேபிள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து ஹெவன் ஹில் ஆலை 2018-இல், ஆறு வருடம் பீப்பாயில் கிடந்த தன் பர்பன் விஸ்கியை நிறுத்தியது. வெள்ளை லேபிள், 100 புரூஃப், அதாவது சரிபாதி ஆல்கஹால். கென்டக்கி எல்லையைத் தாண்டினால் அநேகமாகக் கண்ணில் படாது. அப்போது விலை பன்னிரண்டு டாலர், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கடையின் மேல் தட்டில் அதைத் தேடிப் பயனில்லை, குனிந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. மறு வருடம் அதையே ஏழு வருடமாக்கி, மிடுக்கான புட்டியில் அடைத்து, நாற்பது டாலருக்கு வேறு மாநிலங்களுக்கும் அனுப்பினார்கள். நான் இப்போது இருக்கும் கலிஃபோர்னியாவிலும் அது கிடைக்கிறது. வாங்கிக் குடித்தேன். நல்ல சரக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு அந்தப் பழைய புட்டிதான் வேண்டும்.

கென்டக்கியின் லூயிவில் நகரில் நாங்கள் குடியிருந்தபோது, காற்று திரும்பும் நாட்களில் தெருவெங்கும் வேகவைத்த சோளமும் புளித்த மாவும் கலந்த வாசனை வரும். நகருக்குள்ளேயே ஆலைகள் இருந்தன. பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த வாசனையை மூக்கில் பிடித்து, இன்று எந்த ஆலையில் அடுப்பு எரிகிறது என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டு முன் தாழ்வாரத்தில் வெள்ளை லேபிள் புட்டி ஒன்று எப்போதும் திறந்தே இருக்கும். குழாய் ரிப்பேருக்கு வந்தவர், பேரனைக் கொண்டுவிட வந்த சம்பந்தி, புதிதாகக் குடிவந்த நான் என்று யார் படியேறினாலும் ஒரு கண்ணாடி டம்ளர் வெளியே வரும். “தண்ணீர் வேண்டுமானால் நீயே ஊற்றிக்கொள், அளவு உனக்குத்தான் தெரியும்” என்பார். பக்கத்தில் ஒரு கூஜாவில் தண்ணீர் இருக்கும். யாருக்கு எவ்வளவு ஊற்றினோம் என்று அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

அந்த 100 புரூஃபுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வெறும் ஸ்பிரிட்டில் நிறமும் கண்டதையும் கலந்து விஸ்கி என்று விற்றவர்கள் ஏராளம். 1897-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்தது, அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் நான்கு வருடமாவது பீப்பாயில் இருந்தது, சரியாக 100 புரூஃபில் அடைத்தது என்றால்தான் ‘பாண்டட்’ என்று போட்டுக்கொள்ளலாம். அந்த வீரியம் அன்று யாருக்கும் பெருமையாக இருக்கவில்லை. தண்ணீர் கலந்து ஏமாற்றவில்லை என்று அரசே கொடுத்த உறுதி அது. பெரியவரின் அப்பாவும் தாத்தாவும் அதைப் பார்த்துத்தான் புட்டி வாங்கினார்கள். கூலி வேலை செய்கிறவர் நம்பி வாங்கக்கூடிய சரக்கு என்பதே அதன் பொருள். இன்று வீரியத்துக்குத் தனியாக விலை வைக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்திருக்குமா, சந்தேகம்தான்.

1970-களிலும் 80-களிலும் அமெரிக்கர்கள் வோட்கா பக்கம் போய்விட்டார்கள். பர்பன் கிழவர்களின் குடியானது. கிடங்குகளில் பீப்பாய்கள் தேங்கின, பழையவையும் அருமையானவையும் ஜப்பானுக்குக் கப்பலேறின. 1935-இல் திறந்த ஸ்டிட்செல்-வெல்லர் ஆலையில், லூயிவில்லுக்கு அருகிலேயே, 1992-இல் வடிப்பதை நிறுத்தினார்கள். பார்ட்ஸ்டவுனில் 1996 நவம்பரில் ஹெவன் ஹில்லின் ஆலையும் ஏழு கிடங்குகளும் எரிந்தன. தொண்ணூறாயிரம் பீப்பாய்களுக்கு மேல் போயின. மற்ற ஆலைகள் தங்கள் கொப்பரைகளை அவர்களுக்காக ஓட்டிக் கொடுத்தன. பெரியவர் இதைச் சொல்லும்போது போட்டியாளர்கள் என்ற சொல்லே அவர் வாயில் வராது.

அந்த மந்தமான வருடங்களில்தான் ஜிம் பீமின் பேரன் புக்கர் நோ, வேண்டியவர்களுக்குப் பரிசாகக் கொடுத்த தன் சரக்கை, பீப்பாயில் இருந்த வீரியத்தோடு, குளிர்வித்து வடிகட்டாமல், தன் பெயரிலேயே 1988-இல் கடைக்குக் கொண்டுவந்தார். வீரியமான பர்பன் தனி ரகமாக நின்றது அங்கிருந்துதான். 2016 டிசம்பரில், அறுபது டாலரை ஒட்டி விற்ற அந்தப் புட்டியை நூறு டாலர் ஆக்கப்போவதாக ஜிம் பீம் நிறுவனம் அறிவித்தது. குடிப்பவர்கள் கொதித்துப் போனார்கள்; நிறுவனம் எழுபத்தைந்துக்கு இறங்கியது. எனக்கு ஏதோ உள்ளே நொறுங்கியது அன்றுதான். பரிசாகப் பிறந்த சரக்கு அது.

சரி, விலை நியாயமா என்று எப்படிப் பார்ப்பது? முதலில் கணக்கு. 130 புரூஃபில் 750 மில்லி வாங்கினால், நம் வீட்டுத் தண்ணீரைச் சேர்த்து 100 புரூஃபுக்கு இறக்கினால் 975 மில்லி ஆகும். எழுபது டாலர் புட்டி இப்படிப் பார்த்தால் ஐம்பத்து நான்கு டாலர் புட்டிதான். அடுத்து வயது. கென்டக்கிக் கிடங்குகளில் வருடத்துக்கு நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஆவியாகிறது. பன்னிரண்டு வருடம் கழித்துத் திறக்கும்போது பீப்பாயில் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கும். மேல்தளத்து வெக்கையில் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் முந்திக்கொண்டு போவதால் மிஞ்சியது முறுகி நிற்கும். அதற்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். அந்த இழப்பு நிஜமானது.

ஆனால் எண் பெரிதாக இருப்பதற்காகக் கொடுப்பது நியாயமில்லை. பீப்பாயில் ஊற்றும்போது சரக்கு 110 புரூஃபுக்கு மேல் இருக்கக் கூடாது என்றுதான் முன்பு சட்டம் இருந்தது. 1962-இல் அதை 125 ஆக்கினார்கள். வீரியம் கூடுதலாக ஊற்றினால் பீப்பாயும் குறைவு, கிடங்கில் இடமும் குறைவு; ஆலைக்கு லாபம். ஆக, லேபிளில் 130 என்று மின்னுவதில் ஒரு பகுதி ஆலையின் சிக்கனம். வைல்ட் டர்க்கி ஆலையில் 1954-இலிருந்து வேலை பார்த்த ஜிம்மி ரஸ்ஸல் வெகுகாலம் 107-இலேயே ஊற்றிவந்தார். அவருடைய 101 புரூஃப் புட்டியில் பின்னால் தண்ணீர் சேர்க்க அதிகம் வேலை இருக்கவில்லை. அந்தக் காலத்துப் புட்டியைக் குடித்தவர்கள் இன்றும் அதைத் தேடி அலைவதற்குக் காரணம் இருக்கிறது.

கணக்கு முடிந்தால் டம்ளர். ஊற்றிக் கால் மணி நேரம் சும்மா விட வேண்டும், முதல் முகர்வில் காரம்தான் ஏறும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நல்ல சரக்கில் தண்ணீர் பட்டதும் வெல்லப்பாகு, பட்டை, கருகிய ஓக் மரம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். குடித்து வெகுநேரம் கழித்தும் தொண்டையில் நிற்கும். சோகையான சரக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீரிலேயே மெலிந்துபோகும், காரம் இவ்வளவு நேரம் மறைத்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். வெறுமனே எரிந்தால் அது வீரியம் இல்லை, சூடு.

இந்தச் சோதனையில் எலைஜா கிரெய்க் பேரல் புரூஃப் என்ற பர்பன் தேறிவிடும். ஆலை சொல்லும் விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம் என்பேன். வைல்ட் டர்க்கியின் ரேர் பிரீட் அதைவிடக் குறைந்த விலையில் அதே நியாயத்தைச் செய்கிறது. ஜார்ஜ் டி. ஸ்டாக் அற்புதமான பர்பன், நான் அதில் ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன். சில வருடம் அது 140 புரூஃபைத் தாண்டிவிடும். அந்தப் புட்டியை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். ஆனால் ஆலை விலைக்கு அது அநேகமாக யாருக்கும் கிடைப்பதில்லை. கைமாறிக் கைமாறி வரும் விலையில் டம்ளருக்குள் இருப்பதற்குக் கொடுப்பது சிறு பங்கு, மீதி மற்றவனிடம் இல்லாததற்கு. அதற்கு நான் கொடுக்க மாட்டேன்.

கொடுக்க முடியாமல் இல்லை. விலை ஏறினால் குடிப்பவரின் கை மாறிவிடுகிறது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நல்ல புட்டி என்னிடமும் இரண்டு மூன்று இருக்கின்றன. வீட்டுக்கு ஆள் வந்தால் இவருக்கு எதைத் திறப்பது என்று ஒரு கணம் மனம் எடை போடுகிறது. இவருக்கு அருமை தெரியுமா, சோடா கலந்துவிடுவாரோ என்றெல்லாம் ஓடுகிறது. தாழ்வாரத்துப் பெரியவருக்கு அந்த ஒரு கணம் இருந்ததே இல்லை. குழாய்க்காரர் ஐஸை அள்ளிப் போட்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போவார், அடுத்த வாரம் பன்னிரண்டு டாலருக்கு வேறு புட்டி வரும். சட்டம் காவல் காத்த, ஆறு வருடம் கிடங்கில் வியர்த்த, கொஞ்சமும் குறைவில்லாத பர்பன் அது. அப்படி ஒன்றை ஒருவருக்கொருவர் கணக்கில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்த தெருவில் நான் இருந்தேன். இன்றைக்கும் லூயிவில்லில் அடுப்புகள் எரிகின்றன. முன்பைவிடப் பல மடங்கு பீப்பாய்கள் கென்டக்கிக் கிடங்குகளில் அடுக்கியிருக்கின்றன. அவற்றில் சிலவற்றையாவது பழைய விலைக்கு, பழைய வெள்ளை லேபிளில், அந்த மாநிலத்துக்காரர்களுக்கு மட்டுமாவது திரும்பக் கொடுத்தால், எனக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காவிட்டாலும் சந்தோஷப்படுவேன்.